கோடு நேர், நட்சத்திரம் முட்டை

தொலைநோக்கியில் கேமராவைப் பூட்டி எடுக்கும் படத்தில், போன வாரம்தான் முதல்முறையாக மூன்று நிமிட எக்ஸ்போஷரில் நட்சத்திரங்கள் நீளாமல் வட்டமாக வந்தன. நம்பாமல் படத்தின் நாலு மூலையையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கார்த்திகைக் கூட்டம், நடுவில் லேசாக நீலப் புகை, ஓரத்தில் இருக்கும் மங்கல் நட்சத்திரங்கள்கூடப் புள்ளியாக இருந்தன. இதற்கு ஏழு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் நான் தப்பான இடத்தில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். எது எங்கே அசைந்தது, எப்படிப் பிடித்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கருவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 60 மி.மீ. லென்ஸ், 360 மி.மீ. குவியத் தூரம் கொண்ட சின்ன ரிஃப்ராக்டர் (லென்ஸ் வகைத் தொலைநோக்கி). பின்னால் ஏபிஎஸ்-சி சென்சார் டிஎஸ்எல்ஆர் கேமரா, பிக்சல் 4.3 மைக்ரான். இந்த இரண்டையும் சேர்த்தால் ஒரு பிக்சலுக்கு வானத்தில் ஏறத்தாழ 2.5 ஆர்க்செகண்ட்; ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. மேலே 30 மி.மீ. கைடு ஸ்கோப், அதன் முனையில் ஒரு குட்டி கேமரா; ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மோட்டாரின் ஓட்டத்தைத் திருத்துவது இந்த ஜோடியின் வேலை. இரண்டு அச்சிலும் மோட்டார் உள்ள சிறிய ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது வானம் நகர்வதற்கு ஈடாகத் தொலைநோக்கியைச் சுழற்றும் தாங்கி. 5 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. லென்ஸில் பனி படியாமல் தடுக்கும் வெப்பப் பட்டை, வயர் எல்லாம் சேர்த்து என் சுமை 3.2 கிலோ. ஆக, மவுண்ட் போதாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

தொலைநோக்கி வந்தபோது அடியில் ஒரு குட்டைக் கால் இருந்தது, அதில் நடுவே ஒரு 1/4 அங்குல மரை. அதை, மவுண்டில் மாட்டுகிற 80 மி.மீ. டவ்டெயில் தட்டின் மேல் ஒற்றை ஸ்க்ரூவில் பூட்டினேன். கையால் ஆட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. மவுண்டில் ஏற்றிப் பக்கவாட்டில் சாய்த்தபோதுதான் குட்டு உடைந்தது. குழாயின் முன்பக்கம் கனம். அந்தக் கனம் மொத்தமும் ஒற்றை ஸ்க்ரூவைச் சுற்றித் திருகப் பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், மவுண்டின் ஒரு பக்கம் சாய்த்தால் அந்தத் திருகல் ஸ்க்ரூவை இறுக்குகிறது, மறுபக்கம் சாய்த்தால் கழற்றுகிறது. பாதி ராத்திரி வரை படம் நன்றாக வரும். உச்சியைக் கடந்ததும் குழாயை மறுபக்கம் திருப்பிப் போட்ட பிறகு ஒவ்வொரு படமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். இரண்டு மாதம் இதை மோட்டாரின் கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

சரி, இரண்டாவது ஸ்க்ரூ போடுவோம் என்று இறங்கினேன். காலில் இன்னொரு மரைத் துளை இருந்தது. பெட்டியில் கிடந்த எம்6 போல்ட்டை எடுத்தேன், மூன்று சுற்று சுலபமாகப் போனது, நாலாவதில் இறுகியது. "புதுசுதானே, கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்று ஆலன் கீயால் அழுத்தித் திருகினேன். வெளியே எடுத்தபோது போல்ட்டின் மரைக்குள் வெள்ளிச் சுருளாக அலுமினியம் வந்தது. அந்தத் துளையும் 1/4 அங்குலம்தான். 1/4 அங்குலம் என்பது 6.35 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.27 மி.மீ. எம்6-க்கு விட்டம் 6, இடைவெளி சரியாக 1. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான், உள்ளே போனால் ஒன்றையொன்று தின்றுவிடும். கேமரா உலகம் முழுக்க 1/4 அங்குலமும் 3/8 அங்குலமும், வன்பொருள் பெட்டி முழுக்க எம்5-உம் எம்6-உம். இப்போது என்னிடம் இரண்டுக்கும் தனித்தனி டப்பா, மூடியில் மார்க்கரில் எழுத்து. புது துளை எதிலும் முதல் ஐந்து சுற்று விரலால்தான் போக வேண்டும். கீ தேவைப்பட்டால் நிறுத்திவிடுவேன்.

கெட்டுப்போன காலைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள் இரண்டு வாங்கினேன். கூடவே 200 மி.மீ. நீள டவ்டெயில் தட்டு, 44 மி.மீ. அகலம், மவுண்டின் சேடிலில் (தட்டைக் கவ்வும் பிடியில்) உட்கார்கிற வகை. வளையங்களுக்கு நடுவே 110 மி.மீ. விட்டேன். உள்ளே ஒட்டியிருக்கும் துணி முதல் நாள் அமுங்கிக்கொடுக்கும், அதனால் இறுக்கிய கால் மணி நேரம் கழித்து இன்னொரு கால் சுற்று கொடுக்க வேண்டும். தட்டின் பின்முனையில் ஒரு எம்5 போல்ட்டைத் தலை நீட்டியபடி போட்டேன். சேடில் ஸ்க்ரூ தளர்ந்தாலும் குழாய் வழுக்கி விழாமல் அது தடுக்கும். ஒரு தடவை இரண்டு சென்டிமீட்டர் வழுக்கி, கேமரா முக்காலிக் காலில் முட்டிய பிறகு வந்த புத்தி அது.

முக்காலி விஷயத்தில் அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கேமராத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, வீடியோ ஓடவிட்டு, முக்காலிக் காலை விரல் நுனியால் ஒரு தட்டு தட்டுவேன். நட்சத்திரம் துள்ளி அடங்கும் வரை எத்தனை பிரேம் என்று அப்புறம் கணினியில் எண்ணுவேன். நடுத்தண்டு முழுக்க உயர்த்தி, கால்களை முழுக்க நீட்டியபோது 126 பிரேம், அதாவது 4.2 வினாடி. நடுத்தண்டை இறக்கி, கால்களின் கடைசிக் கண்ணியை உள்ளே தள்ளியதும் 2.6. ஒற்றை ஸ்க்ரூ போய் வளையங்கள் வந்ததும் 1.3. நடுவில் கனமாக இருக்கட்டும் என்று கல் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிட்டேன், அது காற்றில் ஊஞ்சலாடி நிலைமையை மோசமாக்கியது. பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றை நீட்டியதும் அடங்கியது. குனிந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது, முதுகு வலிக்கிறது, ஆனால் எண்கள் பொய் சொல்லவில்லை.

அடுத்தது என் ஆகப் பெரிய அசட்டுத்தனம். கேமரா 700 கிராம், குழாயின் கடைசியில் தொங்குகிறது. அதை அடியிலிருந்து தாங்கினால் இன்னும் உறுதி என்று தோன்றியது. ஒரு 'எல்' தகடு வளைத்து, ஒரு முனையை டவ்டெயில் தட்டிலும் மறுமுனையைக் கேமராவின் முக்காலித் துளையிலும் பூட்டினேன். இரவு ஃபோக்கஸ் செய்யப் போனால் குமிழ் திரும்பவில்லை. திரும்புமா? ஃபோக்கசர் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, நான் கேமராவைத் தட்டோடு கட்டிப்போட்டிருக்கிறேன். விடவில்லை நான். தகட்டில் அரத்தால் நீளத் துளை ராவி, ஃபோக்கஸ் செய்துவிட்டு அப்புறம் இறுக்கலாம் என்று ஏற்பாடு செய்தேன். இறுக்கும்போது தகடு கேமராவை அரை மில்லிமீட்டர் மேலே தூக்கியது, படத்தின் கீழ் ஓரம் முழுக்க நட்சத்திரம் இறகு மாதிரி விரிந்தது. கேமராவை ஒரு இடத்தில்தான் பிடிக்க வேண்டும். அந்த ஒன்றை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். தகடு குப்பைக்குப் போனது.

ஒழுங்காகப் பிடிப்பது என்றால், முதலில் உள்ளே செருகி விரல் ஸ்க்ரூவால் நிறுத்துகிற 2 அங்குலக் குழலை விட்டேன். எல்லாம் மரையில் திருகுகிற இணைப்புகளாக மாற்றினேன். ஃபோக்கசர் குழல் 60 மி.மீ. வெளியே நீண்டிருந்தது, 30 மி.மீ. நீட்டிப்பு ஒன்றை நடுவே திருகியதும் பாதி உள்ளே போய்விட்டது, தொய்வும் குறைந்தது. கேமராவோடு சேரும் டி-வளையத்தின் ஓரத்தில் மூன்று குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும், அவை தளர்ந்தால் கேமரா மெதுவாகச் சுழலும். அதையும் பார்த்து இறுக்கினேன். தொய்வா, கோணலா என்று தெரிய எளிய வழி உண்டு. உச்சியில் ஒரு படம், கிழக்கே தாழ்வாக ஒரு படம். நட்சத்திரம் கெட்டுத் தெரியும் மூலை இரண்டு படத்திலும் அதே மூலை என்றால் ஏதோ ஒன்று கோணலாக உட்கார்ந்திருக்கிறது. திசை மாறும்போது அதுவும் மாறினால் ஏதோ தொங்குகிறது.

இவ்வளவும் முடித்து, துருவ சீரமைப்பு செய்து (மவுண்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைத்து), கைடிங் போட்டேன். கைடிங்கைப் பார்த்துக்கொள்ளும் பிஹெச்டி2 மென்பொருளில் பிழையைக் காட்டும் கோடு நேராக ஓடியது, மொத்தப் பிழை 0.9 ஆர்க்செகண்ட் அளவில். என் பிக்சல் அளவுக்கு அது தாராளம். படத்தைத் திறந்தால் எல்லா நட்சத்திரமும் முட்டை.

நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் இன்னும் இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். முட்டை இன்னும் கொஞ்சம் கூர்மையானது, அவ்வளவுதான். துருவ சீரமைப்பை மூன்று முறை திரும்பச் செய்தேன். கைடிங் வேகத்தை மாற்றினேன். இப்படியே மூன்று அமாவாசை போயிற்று.

கடைசியில் உதவியது ஒரு சோம்பேறி வேலை. ஒரு மணி நேரத்தில் எடுத்த 20 படங்களை, நட்சத்திரங்களைப் பொருத்தாமல் அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒவ்வொரு நட்சத்திரமும் புள்ளி வைத்த கோடாக நீண்டது. கோட்டின் நீளம் 52 பிக்சல். முக்கியமானது என்னவென்றால், படத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எல்லாக் கோடுகளும் ஒரே நீளம், ஒரே சாய்வு. துருவ சீரமைப்பு தப்பு என்றால் கைடு நட்சத்திரத்தைச் சுற்றிப் படம் சுழலும், கோடுகள் வில்லாக வளையும். இங்கே சுழற்சி இல்லை, படம் மொத்தமும் ஒரே திசையில் தள்ளிப்போயிருக்கிறது. கைடு ஸ்கோப் தன் நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய குழாய் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவே ஏதோ வளைகிறது.

எவ்வளவு வளைந்தால் இது நடக்கும் என்று கணக்குப் போட்டேன். 52 பிக்சல் என்றால் சுமார் 128 ஆர்க்செகண்ட். கைடு ஸ்கோப்பை இரண்டு இடத்தில் பிடித்திருந்தேன், நடுவே 80 மி.மீ. ஒரு முனை 0.05 மி.மீ. இறங்கினால் போதும். ஒரு மெல்லிய தலைமுடியின் கனம். அதுவும் ஒரு மணி நேரத்தில் மெதுவாக. இதைக் கையால் ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று மூன்று அமாவாசை நினைத்திருக்கிறேன்!

கண்டுபிடித்தது பகலில். வெயில் ஏறினால் காற்று நெளியும், அதனால் விடிந்த உடனே மவுண்டை வைத்தேன். தூரத்து இடிதாங்கிக் கம்பியின் நுனியைப் பெரிய கேமராவிலும் கைடு கேமராவிலும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தேன். இரண்டு திரையிலும் நுனி இருக்கும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாள். பிறகு கைடு ஸ்கோப்பின் முனையை விரலால் லேசாக அழுத்தினேன். கைடு திரையில் நுனி 9 பிக்சல் நகர்ந்தது. விரலை எடுத்தேன். 4 பிக்சல் திரும்பி வந்தது. மிச்சம் 5 அங்கேயே நின்றது. கைடு கேமராவில் ஒரு பிக்சல் 6.4 ஆர்க்செகண்ட், ஆக 32 ஆர்க்செகண்ட், விரல் நுனியின் ஒரு தொடுகைக்கு. நகர்ந்து அதே இடத்துக்குத் திரும்பினால் அது ஸ்ப்ரிங் மாதிரி வளைகிறது, அதோடு குடித்தனம் நடத்தலாம். நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் அங்கே ஏதோ வழுக்குகிறது.

வழுக்கியது இரண்டு இடத்தில். கைடு ஸ்கோப்பைப் பிடித்திருந்த வளையங்களில் முன்னே மூன்று, பின்னே மூன்று என்று ஆறு விரல் ஸ்க்ரூக்கள், குழாயின் பூச்சு கீறாமலிருக்க ஒவ்வொன்றின் நுனியிலும் நைலான். திசை சரிசெய்ய வசதியான அமைப்பு. நைலான் அழுத்தத்தில் மெதுவாக விட்டுக்கொடுக்கும். குழாய் திரும்பத் திரும்ப எந்த ஸ்க்ரூ மேல் கனம் விழுகிறதோ அது அமுங்கும். இரண்டாவது குற்றவாளி நான் பெருமையாக முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக் தாங்கி. மூடிய காரில் மதியம் முழுக்கக் கிடந்திருக்கிறது. பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். ரசமட்டத்தின் நேர் விளிம்பை அதன் அடியில் வைத்துப் பார்த்தால் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி, வாழைப்பழம் மாதிரி. அதைத்தான் மேலும் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன். இறுக்கினால் முட்டை கூர்மையானதற்குக் காரணம் அதுதான்.

அந்த ஆறு ஸ்க்ரூ அமைப்பே எனக்கு வேண்டாம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கைடு ஸ்கோப் பெரிய குழாய் பார்க்கிற அதே இடத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓரிரு டிகிரி தள்ளியிருந்தாலும் அதன் பரந்த பார்வையில் எப்போதும் ஏதாவது நட்சத்திரம் கிடைக்கும். சரிசெய்கிற வசதி தேவையில்லை என்றானதும் வேலை எளிதாகிவிட்டது: சுற்றி முழுக்கக் கவ்வுகிற இரண்டு உலோகக் கிளாம்ப், அவற்றைத் தாங்க ஒரு தட்டு.

தட்டு 10 மி.மீ. கனம், 40 மி.மீ. அகலம், 180 மி.மீ. நீளமான அலுமினியப் பட்டை. பெரிய குழாயின் இரண்டு வளையங்களுக்கும் மேலே பாலம் போல அது படுக்கும். இதனால் இன்னொரு லாபம், இரண்டு வளையங்களும் மேலும் கீழும் இணைந்து ஒரு பெட்டி மாதிரி ஆகிவிடுகின்றன. வளையங்களின் மேல் துளை எம்6 என்று இந்தமுறை விரலால் உறுதிசெய்துகொண்டேன். காலிப்பரால் துளைகளின் நடுத்தூரம் அளந்து, கோடு கீறி, சென்டர் பஞ்ச்சால் குறி வைத்து, முதலில் 3 மி.மீ., பிறகு 6.5 மி.மீ. பிட். கிளாம்ப்புகளுக்கு மரை போட வேண்டிய நாலு இடத்தில் 5 மி.மீ. துளை, அதில் எம்6 டேப் (மரை வெட்டும் கருவி). அலுமினியத்தில் மரை போடும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சுருள் அறுந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் முன்னே போனால் டேப் உடையும். ஒன்றை உடைத்தும் பார்த்தேன், ஓரத்துத் துளையில். தட்டை முன்பின் திருப்பிப் போட்டு வேறு இடத்தில் போட்டுக்கொண்டேன், உடைந்த நுனி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

ஒரு துளை 0.6 மி.மீ. தள்ளி விழுந்திருந்தது. போல்ட்டை நெம்பி உள்ளே விடலாம்தான். விட்டால் தட்டு இரண்டு வளையங்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்தபடியே இருக்கும், குளிர் ஏறும்போது அந்த இழுவை எங்காவது விட்டுக்கொடுக்கும். 7 மி.மீ. பிட்டால் துளையைப் பெரிதாக்கி, கனமான வாஷர் போட்டேன். எல்லாப் போல்ட்டையும் முதலில் தளர்வாக நுழைத்து, குழாயை உட்காரவைத்து, பிறகு மாற்றி மாற்றி இறுக்கினேன். நீல நிற நடுத்தர மரைப்பசை ஒவ்வொன்றிலும் ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அப்புறம் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும்.

மறுநாள் விடிகாலை இடிதாங்கிச் சோதனை. அழுத்தினேன், ஒரு பிக்சல் நகர்ந்தது; விட்டேன், ஒட்டுத்தாளுக்கே திரும்பி வந்தது. மவுண்டை 90 டிகிரி சுழற்றி மறுபடி கொண்டுவந்தாலும் இரண்டு திரையிலும் நுனி பழைய இடத்தில்.

வயர்களை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கைடு கேமராவின் யூஎஸ்பி வயர் தரை வரை தொங்கி, குழாய் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சேடில் அருகே வெல்க்ரோவால் ஒரே இடத்தில் கட்டி, கேமரா முனையில் ஒரு தளர்ந்த வளையம் விட்டேன். எடைச் சமன் கடைசியாக: மூடியைக் கழற்றி, வெப்பப் பட்டை சுற்றி, ஃபோக்கஸ் முடித்த பிறகு. கிழக்குப் பக்கம் ஒரு மயிரிழை கனமாக வைத்தால் பல்சக்கரம் ஒரே பக்கம் ஒட்டி நிற்கும்.

போன வார இரவில் அதே 20 படங்கள், அதே மூன்று நிமிடம், பொருத்தாமல் அடுக்கினேன். 4 பிக்சல்.

செலவைப் பார்த்தால் கடைசியில் மவுண்டில் நிற்கும் பொருட்களின் விலை மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. மிச்சம் எல்லாம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது: குட்டை டவ்டெயில், ஆறு ஸ்க்ரூ வளையங்கள், செருகுக் குழல். இன்னொரு முறை செய்தால் முதல் நாளே வளையங்களும் நீளத் தட்டும் வாங்குவேன், கைடிங் போடும் முன்பே பகல் சோதனையைச் செய்வேன், படம் அடுக்கும் சோதனையை முதல் இரவே. தட்டில் துளைகளை அளந்து போடுவதற்குப் பதில் வளையத்தையே அச்சாக வைத்துக் குறி எடுப்பேன். டேப் இரண்டு வாங்கி வைப்பேன். பிஎல்ஏ தாங்கியை எறியவில்லை. வளைந்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் ஆலன் கீக்களை நிறுத்தி வைக்க வசதியாக இருக்கிறது.

மிச்சமிருக்கும் 4 பிக்சலுக்கு ஃபோக்கசர் குழலைத்தான் சந்தேகப்படுகிறேன். அதைக் கழற்றினால் திரும்ப மாட்டுவதற்குள் அமாவாசை வந்துவிடும். இந்தச் சுற்று அதைத் தொடுவதாக இல்லை.